கடைசி ஆட்டத்து மெட்டு

வேலப்பனுக்கு ஒரே இடத்தில் நிலைத்து உட்காரத் தெரியாது. ஒரு வாத்தியப் பார்ட்டியில் போட்ட சோறு ஆறுவதற்குள் அடுத்த பார்ட்டியில் இலை போட்டு உட்கார்ந்துவிடுவான். யுத்த காலத்தில் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன், யுத்தம் முடிந்த கையோடு மூர் மார்க்கெட் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு கிதாரைத் தூக்கிக்கொண்டு வந்தான். காசிமேட்டு நாடகக் கம்பெனி ஒன்றில் கொஞ்ச காலம் வாசித்தான். ஆர்மோனியக்காரர் தன்னை அமுக்குகிறார் என்று கோபித்துக்கொண்டு ராயபுரம் பாஸ்கலின் டான்ஸ் பேண்டுக்குப் போனான். ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் சனிக்கிழமைதோறும் சட்டைக்காரர்கள் என்கிற ஆங்கிலோ இந்திய ஆண்களும் பெண்களும் கைகோத்து ஆட, மேடையில் பாஸ்கலின் ஆட்கள் வாசிப்பார்கள். உருப்படியாக நாலு விஷயம் அவன் கற்றுக்கொண்டது அங்கேதான். கற்றுக்கொண்டதும் பாஸ்கல் கொடுத்த ஓரத்து நாற்காலி கசந்துவிட்டது. வண்ணாரப்பேட்டை கமாலுதீனின் கல்யாணப் பார்ட்டிக்கு வந்து சேர்ந்தான். ஆர்மோனியம், தபலா, கிளாரினெட், நடுவில் கிதார். நடுவில் உட்கார்ந்த பிறகு ஆள் கொஞ்சம் சதை போட்டிருந்தான்.

இந்தப் பவுசு எல்லாம் ராயபுரத்தோடு சரி. அவன் பிறந்த திருவொற்றியூர்க் குப்பத்தில் செல்லுபடி ஆகவில்லை. அங்கே அவன் பெயர் வாந்திக்காரன். இளவட்டத்தில் கட்டுமரத்தில் ஏற்றிப் பார்த்தார்கள்; அலை தாண்டியதும் குடல் வாய்க்கு வந்துவிடும். ஒவ்வொரு தரமும் ஈரக் கோணி மாதிரி மணலில் இறக்கிப் போட்டார்கள். கடல் ஒத்துக்கொள்ளாத மீனவன் நீந்தத் தெரியாத வாத்து. அதை எந்தக் குப்பமும் மறப்பதில்லை. கிதாரோடு முதல் முறை வந்தபோது, "கட்டையில கம்பி கட்டி சொறிஞ்சிகினு கீறான் பாரு" என்று சொன்னவன் தேசப்பன். நாற்பது வயது, கடலில் கெட்டிக்காரன், கரையில் வாய் நீளம். வேலப்பனுடைய மச்சினன் நீலமேகம் அந்தத் தேசப்பனுடைய கட்டுமரத்தில்தான் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

நீலமேகத்துக்கு ஐம்பத்து நாலாம் வருஷம் வைகாசியில் கல்யாணம் வைத்தார்கள். தகப்பன் இல்லாத பையன். வீட்டில் தாய் மங்கம்மாவும் அவனும்தான். அக்கா குணசுந்தரியைத்தான் வேலப்பன் கட்டியிருந்தான். குப்பத்தில் எல்லோரும் சிரித்த காலத்திலும் மாமா மாமா என்று ராயபுரத்துக்கு ஓடிவந்து, கச்சேரிக்குக் கிதாரைச் சுமந்துகொண்டு கூடவே வந்தவன் நீலமேகம் ஒருத்தன்தான். அவன் கல்யாணத்தில் வாசித்து, சிரித்த வாயை எல்லாம் மூடவைக்க வேண்டும் என்று வேலப்பன் முடிவு செய்தான். கமாலுதீனிடம் கெஞ்சிக் கூத்தாடி மொத்த பார்ட்டியையும் சும்மா வாசிக்கச் சம்மதிக்க வைத்தான்.

பெண் வரலட்சுமியைக் காசிமேட்டிலிருந்து அழைத்து வந்தார்கள். சாயங்காலம். பெட்ரோமாக்ஸ் விளக்குகள் இரைந்துகொண்டிருந்தன. பந்தலில் உட்கார இடமில்லை. பெண் வாசலில் கால் வைக்கும்போது தான் மட்டும் தனியாக வாசிப்பதாகக் கமாலுதீனிடம் வேலப்பன் முன்பே சொல்லியிருந்தான். எதை வாசிப்பது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பாஸ்கல் பேண்டில் கடைசி ஆட்டத்துக்கென்று ஒரு மெட்டு உண்டு. விளக்குகளைப் பாதியாகக் குறைப்பார்கள். ஜோடிகள் பேச்சை நிறுத்திவிட்டு மெதுவாகச் சுற்றிவருவார்கள். குணசுந்தரியிடம் சொல்லத் தெரியாததை எல்லாம் அந்த மெட்டில்தான் அவன் சொல்லிக்கொள்வான்.

வாசித்தான். முதல் அடி முடிவதற்குள் பந்தல் அடங்கியது. அப்படி ஒரு அமைதியை அவன் எந்த மேடையிலும் கண்டதில்லை. சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் வாயில் கை வைத்தார்கள். தேசப்பன் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான். ஆகா, பிடித்துவிட்டேன் குப்பத்தை என்று வேலப்பனுக்கு உடம்பெல்லாம் பூரித்தது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டாம் அடியில் கொஞ்சம் இழைத்தான், கொஞ்சம் நிறுத்தி வைத்தான், கம்பியை அழ வைத்தான். பந்தலின் ஓரத்தில் குப்பம்மா என்கிற பெண் மாரில் அடித்துக்கொண்டு, போய்ட்டியே என்று குரல் எடுத்தாள். அதையும் பாராட்டு என்றுதான் அந்த மடையன் எடுத்துக்கொண்டான்.

கம்பிகள் மேல் ஒரு கை வந்து அழுத்தியது. கண்ணைத் திறந்தான். குணசுந்தரி நின்றாள். முகத்தில் ரத்தம் இல்லை. "போதும்யா" என்றாள்.

பந்தலுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னவன் தேசப்பன். ராயபுரத்தில் கோதண்டம் பேண்டு என்று ஒன்று உண்டு. குப்பத்துச் சாவுக்கெல்லாம் அவர்கள்தான். இன்ஸ்டிட்யூட் சுவருக்கு வெளியே நின்று கேட்டுக் கேட்டே பாட்டுப் பிடிக்கிற ஆட்கள். பேண்டுக்காரனுக்கு வேகமாக இருந்தால் கல்யாணம், மெதுவாக இருந்தால் சாவு, அவ்வளவுதான் சாஸ்திரம். பாஸ்கலின் கடைசி ஆட்டத்து மெட்டு மெதுவாக இருந்தது. பாடைக்கு முன்னால் ஊத ஆரம்பித்துவிட்டார்கள். போன ஐப்பசிப் புயலில் ஒதுங்கிய பிணங்களை எல்லாம் அந்த மெட்டோடுதான் குப்பம் கொண்டுபோய்ப் புதைத்தது. குப்பம்மாவின் புருஷன் அதில் ஒருத்தன். அந்தச் சமயம் வேலப்பன் எங்கேயோ கல்யாணத்துக்கு வாசித்துக்கொண்டிருந்தான்; சாவுக்கு வந்து எட்டிப்பார்க்கவில்லை. வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

"புதுப் பொண்ணு வாசல்ல கால் வெக்கிறா. நீ பாடைய தூக்குற" என்றான் தேசப்பன். கத்தவில்லை. கத்தியிருந்தால் வேலப்பனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தாலி கட்டு நடந்தது. கமாலுதீன் பார்ட்டி வேகமான பாட்டாக வாசித்துத் தள்ளியது. யாரும் கேட்கவில்லை. மறுநாள் அம்மன் கோயில் முன்னால் பஞ்சாயத்து கூடியது. குப்பத்துத் தலைவரான நாட்டார் பொன்னுரங்கம் நிதானமான மனுஷன். எலுமிச்சை வெட்டியாயிற்று, கர்ப்பூரம் கொளுத்தியாயிற்று, அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று முடிக்கப் பார்த்தார். ஊர் விடவில்லை. வேலப்பன் இனிமேல் குப்பத்தில் கால் வைக்கக் கூடாது, குணசுந்தரி தாய் வீட்டுக்கு வந்தால் தனியாக வரட்டும் என்றார்கள். மங்கம்மா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். மருமகனுக்காக அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

எழுந்தவன் நீலமேகம். வேட்டியில் மஞ்சள் கறை கூடக் காயவில்லை. "எங்க மாமா மேல ஒருத்தனும் கை நீட்டாதீங்க. நாளைக்கு நான் கடலுக்கு போறேன். போய்ட்டு ஒயுங்கா திரும்பி வர்றேன். வந்துட்டா, அப்பால எவனும் வாயத் தொறக்கக் கூடாது. இன்னா சொல்ற நாட்டாரு?"

தாலி பிரித்துக் கோர்க்கிறவரைக்கும் புது மாப்பிள்ளை கடலில் இறங்குவது அங்கே வழக்கம் இல்லை. பெண்கள் பதறினார்கள். பொன்னுரங்கம் வெகுநேரம் யோசித்தார். பிறகு, பையன் வந்து நின்றால் பேச்சு முடிந்தது என்றார். எல்லோரும் வேலப்பனைப் பார்த்தார்கள். வேண்டாம்டா நீலம், நான் குப்பத்துக்கே வரவில்லை, நீ வீட்டில் இரு என்று சொல்ல அவனுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. தன் பேர் சுத்தமாக வேண்டும் என்ற ஆசை நாக்கைப் பிடித்துக்கொண்டது. அது ஆசைதான், வேறு பெயர் வைத்துப் பூச வேண்டியதில்லை.

விடியும் முன் தேசப்பனும் நீலமேகமும் வேம்பு என்கிற மூன்றாமவனும் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போனார்கள். முதல் பஸ் பிடித்து வேலப்பன் ராயபுரத்திலிருந்து வந்தபோது கடலில் ஒன்றும் தெரியவில்லை. கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி கிடந்தது. இவ்வளவு நல்ல கடலில் ஒருத்தனுக்கு என்ன ஆகிவிடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

உச்சி வேளையில் கட்டுமரங்கள் ஒவ்வொன்றாகக் கரை ஏறின. ஒவ்வொரு பாய் தெரியும்போதும் வரலட்சுமி எழுந்து நிற்பாள். ஆள் முகம் தெரிந்ததும் உட்காருவாள். கூடை எடுத்துக்கொண்டு வந்த பெண்கள் மீனை ஏலம் எடுத்துக்கொண்டு போனார்கள். வலைகள் காய்ந்தன. தேசப்பனின் மரம் மட்டும் வரவில்லை. கரை ஏறியவர்களிடம் கேட்டார்கள். காலையில் பார்த்தோம், பக்கத்தில்தான் வலை இறக்கினார்கள், பிறகு கண்ணில் படவில்லை என்றார்கள்.

வெயில் இறங்கியது. தெற்குக் காற்று கிளம்பியது. வேலப்பனை யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. அவன் நின்ற பக்கமே யாரும் வரவில்லை. தொண்டை வறண்டு ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டான். அந்தப் பெண் காதில் விழாதவள் மாதிரி பானையை மூடினாள். குணசுந்தரி மட்டும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பொழுது சாயச் சாய அவளும் ஒரு அடி, இரண்டு அடி என்று நகர்ந்து, கடைசியில் தாய்க்கும் தம்பி பெண்டாட்டிக்கும் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்தபோதுதான் அவனுக்கு அழுகை வந்தது.

அந்தக் கரையில் அவன் நம்பிக்கை, பகுத்தறிவு எல்லாம் மணலோடு போயிற்று. மெட்டில் என்ன இருக்கிறது, வெறும் காற்று என்று காலையில் நினைத்தவன்தான். இப்போது காதுக்குள் அந்த மெட்டு விடாமல் ஓடியது. கிதாரில் இல்லை, கோதண்டத்தின் பித்தளையில் ஓடியது. அம்மா தாயே, அவன் வந்துவிட்டால் நான் இனிமேல் கிதாரைத் தொடமாட்டேன் என்று வேண்டத் தொடங்கினான். பாதியில் நிறுத்திவிட்டான். முழுசாக வேண்ட முடியவில்லை. மச்சினன் உயிருக்கு எதிரில் ஒரு கட்டையை வைத்துத் தராசு பிடிக்கிறோமே என்று தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் முடிக்கவில்லை.

இருட்டிய பிறகு கரையில் நெருப்பு மூட்டினார்கள். வெளிச்சம் தெரிந்தால் வழி பிடித்து வருவார்கள் என்று ஓலையும் கட்டையும் போட்டுக்கொண்டே இருந்தார்கள். வேலப்பன் ஓலை சுமந்துகொண்டு போனான். அதை மட்டும் யாரும் தடுக்கவில்லை.

காலையில், கடலைப் பார்த்து எல்லோரும் உட்கார்ந்திருக்க, ரயில் ரோட்டுப் பக்கமிருந்து மூன்று பேர் நடந்து வந்தார்கள். முதலில் பார்த்தது குப்பம்மா. அவள் ஓடியதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் திரும்பினார்கள். மங்கம்மா எழுந்திருக்க முடியாமல் மணலில் தவழ்ந்தாள். நீரோட்டமும் தெற்குக் காற்றும் சேர்ந்து வடக்கே இழுத்து, எண்ணூர் முகத்துவாரத்தில் கரை ஒதுங்கினார்களாம். முகத்துவாரக்குப்பத்தில் கஞ்சி ஊற்றிப் படுக்கவைத்தார்களாம். மரத்தை அங்கேயே விட்டுவிட்டு முதல் ரயிலில் ஏறி வந்திருந்தார்கள்.

வேலப்பன் போய் நீலமேகத்தைக் கட்டிக்கொண்டான். மார்பில் கிடந்த பாறாங்கல் உருண்டு விழுந்த மாதிரி இருந்தது. பொன்னுரங்கம் கையைத் தட்டி, பேச்சு முடிந்தது, இனி வேலப்பன் எப்போதும் போல வரலாம் போகலாம் என்றார். யாரோ ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வேலப்பன் கையில் கொடுத்தார்கள். குடித்துக்கொண்டே பார்த்தான். தேசப்பன் யாரிடமும் பேசாமல் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். நல்ல கடலில், கை தேர்ந்த ஆள், எப்படி வடக்கே போனான் என்று அப்போதுதான் தோன்றியது.

நீலமேகம் அவனைத் தனியாக அழைத்துக்கொண்டு போய்ச் சொன்னான்.

"கடல்ல ஒன்னியும் இல்ல மாமா. காத்து இல்ல, அல இல்ல. வலைய எறக்குனோம். அப்போ அந்த மெட்டு கேட்டுச்சு. உன் கித்தாருதான். நீ இழுத்து இழுத்து வாசிச்சியே, அதே மாதிரி. கை கால் வரல. துடுப்ப கீழ போட்டுட்டேன். அவங்க ரெண்டு பேரும் என்னிய புடிச்சிக்குவாங்களா, மரத்த புடிச்சிக்குவாங்களா? எட்டி குதிக்கப் பாத்தேனாம். தேசப்பண்ண கவுறு போட்டு என்னிய கட்டி வச்சாரு." கொஞ்ச நேரம் மணலைக் கிளறிக்கொண்டிருந்தான். "இன்னமே நான் போமாட்டேன் மாமா. என்னால முடியாது."

ஓரிரு நாளில் சரியாகிவிடும் என்று வேலப்பன் சொன்னான். சரியாகவில்லை. தாலி பிரித்துக் கோர்த்த பிறகு ஒரு நாள் விடியலில் எல்லோரோடும் சேர்ந்து மரத்தைத் தள்ளப் போனான் நீலமேகம். தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் நின்றான். அலை வந்தது, போனது. திரும்பி நடந்து வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டான். ஊர் அவனைக் கேலி செய்யவில்லை. வாந்தியைக் கேலி செய்யலாம். இதைப் பார்த்து எல்லோருக்கும் உள்ளுக்குள் பயமாக இருந்தது.

மரத்தில் ஆள் வைக்காத வீட்டுக்கு மீனில் பங்கு கிடையாது. மங்கம்மா பழையபடி கூடை தூக்க ஆரம்பித்தாள். புது மருமகள் கூடவே போனாள். தேசப்பன் அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுக்காமல் வேம்புவை மட்டும் வைத்துக்கொண்டு தடுமாறிக்கொண்டிருந்தான். ஏன் என்று கேட்டவர்களிடம் எரிந்து விழுந்தான்.

அந்தச் சமயம் பார்த்துக் கமாலுதீன் சைக்கிளில் ராயபுரம் வந்தார். ஆந்திராவில், பெஜவாடாவில் பெரிய இடத்துக் கல்யாணம், அதைத் தொடர்ந்து அந்தப் பக்கத்திலேயே வரிசையாகக் கச்சேரிகள். எல்லோருக்கும் ஒரே மாதிரி கோட்டு தைக்கக் கொடுத்திருந்தார். ரயிலுக்குத் தயாராக இருக்கச் சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போனார். அவர் தெரு முனை திரும்பியதும் குணசுந்தரி அடுப்படியிலிருந்து வந்தாள். கல்யாணத்திலிருந்து அவள் அவனிடம் தேவைக்கு மேல் பேசியதில்லை.

"போவணும்னா போ. நான் குறுக்க நிக்கல" என்றாள். "ஆனா என் தம்பி எடம் காலியா கீது. அத்த காலி பண்ணது கடல் இல்ல, நீ."

வேலப்பனுக்குக் கோபம் வந்தது. தெரியாமல் செய்ததற்கு எத்தனை நாளைக்குத் தூக்கில் போடுவீர்கள் என்று கத்தினான். கடல் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஊருக்கே தெரியும் என்றான். கத்தி முடித்தவனுக்கு, தான் ஏற்கெனவே மனசுக்குள் சரி என்று சொல்லிவிட்டது தெரிந்தது. தெரிந்ததால்தான் இவ்வளவு கத்தியிருந்தான். அன்று சாயங்காலமே வண்ணாரப்பேட்டைக்கு நடந்து போய், வரமுடியாது என்று கமாலுதீனிடம் சொன்னான். அவர் முதலில் கெஞ்சினார், பிறகு திட்டினார், பிறகு கோட்டு யாருக்குச் சரியாக இருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் விடியுமுன் குப்பத்துக் கரையில் கோவணத்தோடு நின்றான் வேலப்பன். சிரிப்பார்கள் என்று காத்திருந்தான். யாரும் சிரிக்கவில்லை. தேசப்பன் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நடுவில் உட்காரச் சொன்னான்.

அலை தாண்டியதும் வழக்கம் போலக் குடல் வாய்க்கு வந்தது. பக்கவாட்டில் சாய்ந்து கக்கினான். கக்கிவிட்டுத் துடுப்பைப் பிடித்தான். மறுபடியும் கக்கினான். வெறும் பித்தம். கரை ஒரு கோடாகப் போனது. கயிறு இழுத்ததில் உள்ளங்கைத் தோல் உரிந்து உப்புத் தண்ணீர் பட்டு எரிந்தது. தேசப்பன் இழு என்று கையைக் காட்டுவான், விடு என்று கையைக் காட்டுவான். கரை பார்வையிலிருந்து மறைந்து, கட்டுமரத்தின் முனையில் வேம்பு வலையைப் பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் வாயைத் திறந்தான்.

"வேலு. அன்னிக்கு நீ வாசிச்சது நல்லாத்தான் இருந்துது."

வேலப்பன் கனவா நினைவா என்று பார்த்தான். தேசப்பன் அவன் பக்கம் திரும்பாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோதண்டம் பசங்க அத்த ஊதி ஊதி கலீஜ் பண்ணிட்டானுங்க. எங்கப்பனுக்கு அத்தத்தான் ஊதுனாங்க. அப்போல்லாம் எனக்கு கண்ணுல தண்ணி வரல. நீ வாசிச்சப்போ வந்துச்சு." வலையின் முதல் மடிப்பை அவன் கையில் கொடுத்தான். "நான் போனா அந்தப் பசங்கள கூப்புடாத. நீ வாசி. அன்னிக்கு பாதியில வுட்டியே, அத்த முழுசா வாசி."

வேலப்பன் சரி என்றான். இருவருமாக வலையை இறக்கத் தொடங்கினார்கள்.